பாண் ஆசையும் பசியின் வேளையும்

பாணைப் பற்றி ஒரு பேச்சா என்று உங்களுட் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பதற்கு முன் எங்கள் ஊரைச் சற்று எண்ணிப் பாருங்கள். கிளிநொச்சி நெல் விளையும் பூமி. கனகராயன் ஆற்றை மறித்துக் கடந்த நூற்றாண்டின் முதற் காற்பகுதியிலே கட்டப்பெற்ற இரணைமடுக் குளமே இதன் உயிர்நாடி. யாழ்ப்பாணத்துச் சனநெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கும் நோக்குடன் 1936 ஆம் ஆண்டிலே குடியேற்றத் திட்டமாகத் தொடங்கப்பெற்ற ஊர் இது. காடு வெட்டிக் கழனி திருத்தியவர்களின் பேரப்பிள்ளைகளே இன்று இங்கு வாழ்வோர். அத்தகைய ஊரில், அறுவடை முடிந்து முற்றத்திலே நெல் காயும் மாலைப் பொழுதில், வீதியில் வரும் முச்சக்கர வண்டியின் இசைக்குச் செவி சாய்த்து, கையில் காசுடன் படலையடியில் காத்து நிற்போரை நாள்தோறும் காண்கின்றோம். அவ்வாறு நிற்போருள் நீரிழிவு நோயாளர் உளர். மாப்பண்டங்களைக் குறைக்கும்படி வைத்தியரால் அறிவுறுத்தப்பட்டோரும் உளர். அந்த இரண்டாவது கூட்டத்தில் நானும் ஒருவன்.

"சோற்றைக் குறைக்கச் சொன்னார்கள், குறைத்துவிட்டேன் சேர். சீனியையும் விட்டேன். இந்தப் பாணைத்தான் விட முடியவில்லை" என்று ஒரு மாணவனின் தந்தையார் என்னிடம் கூறினார். அவர் கமக்காரர், மன உறுதி அற்றவர் என்று எவரும் அவரைச் சொல்லார். விட முடியாமைக்குக் காரணம் யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள். நான் வைத்தியன் அல்லன், பள்ளிக்கூடத்து மனிதன். ஆயினும், நாள்தோறும் சில நூறு பிள்ளைகளின் காலைப் பசியைக் கண்ணெதிரே காண்பவன் என்னும் உரிமையில், கற்றதையும் கண்டதையும் சேர்த்துச் சொல்ல விழைகின்றேன். பாண்மேல் எழும் ஆசைக்கு வேர் பெரும்பாலும் அதற்கு முந்திய வேளையில் இருக்கிறது என்பதே என் துணிபு. காலையில் வயிறு எப்படி நிறைந்தது, அல்லது நிறையாமற் போனது என்பதைக் கேளாமல், மாலையில் பாணுடன் போரிடுவதிற் பயனில்லை.

முதலில், இந்தப் பாண் எங்கிருந்து வந்தது? கோதுமை நம் நாட்டில் விளைவதில்லை. சொல்லும் நம்முடையதன்று. போர்த்துக்கேயர் தம் நாட்டு அப்பத்தை வழங்கிய பெயரே நம் நாவில் பாண் ஆயிற்று. பம்பாயிலே பாவ் என்பதும், யப்பானியர் பான் என்பதும் அந்த ஒரே தாயின் பிள்ளைகள். அப்பம் வேகும் அடுப்பை நாம் போறணை என்கின்றோமே, அதுவும் போர்த்துக்கேயச் சொல்லே. தமிழகத்துச் சகோதரர்கள் இதனை ரொட்டி என்பர். நமக்கோ ரொட்டி என்பது கல்லிற் சுடும் வேறொரு பண்டம். வன்னியிலே பெயர்ப்பலகைகள் சிலவற்றில் வெதுப்பகம் என்னும் நல்ல தமிழ்ச் சொல்லைக் காணலாம். வழிகேட்டால் மட்டும் எவரும் "பேக்கரியடி" என்றுதான் சொல்லுவர். நாவின் பழக்கம் பலகைக்குக் கட்டுப்படுவதில்லை.

எனினும் போர்த்துக்கேயர் காலத்திலேயே ஏழை எளியவர் வீட்டுக்குப் பாண் வந்துவிட்டது என எண்ணுதல் தவறு. இரண்டாம் உலகப் போரிலே, 1942 ஆம் ஆண்டில் பர்மா யப்பானியர் கையில் வீழ்ந்தது. அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. இலங்கையில் உணவுப் பங்கீடு தொடங்கிற்று; அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா கொடுபட்டது. போர் முடிந்தும் மா நிற்கவில்லை. 1954 ஆம் ஆண்டிலே அமெரிக்கா தன் மிகை விளைச்சலைப் பிற நாடுகளுக்கு அனுப்புவதற்கு ஒரு சட்டம் இயற்றியது. அதன் வழியாக நம் நாட்டுக்கும் மா வந்தது. இன்றும் நம் முதியோர் கோதுமை மாவை "அமெரிக்கன் மா" என்றே அழைப்பதன் காரணம் இதுவே. அதற்கு முந்திய ஆண்டில், பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏற்றியதை எதிர்த்து, 1953 ஆகஸ்ட் 12 இல் நாடளாவிய ஹர்த்தால் நடந்ததையும், அதன் பின்னர்ப் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்ததையும் வரலாறு படித்தோர் அறிவர். எழுபதுகளின் தொடக்கத்திலே அரிசியும் மாவும் ஒருங்கே தட்டுப்பட்டபோது எங்கள் பெற்றோர் விடியுமுன் எழுந்து பாணுக்கு வரிசையில் நின்றனர். வன்னி மண்ணில் மிளகாயும் வெங்காயமும் பயிரிட்டோர் நல்ல விலை கண்ட காலமும் அதுவே என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இறக்குமதிக் கட்டுப்பாடு ஒருவருக்கு வரிசையையும் இன்னொருவருக்குக் கல்வீட்டையும் தந்தது. பின்னர் 1980 ஆம் ஆண்டில் திருகோணமலையிலே பிரிமா நிறுவனத்தின் மாவாலை இயங்கத் தொடங்கிய பிறகு, கோதுமை மா எந்தச் சந்திக் கடையிலும் கிடைக்கும் சாதாரணப் பொருளாகிவிட்டது.

இவ்வளவு பழைய கதை எதற்கு? பாண் நம்மிடையே சுவைக்காக வந்த பண்டமன்று. அரிசி இல்லாதபோது வந்த பண்டம். இல்லாமையின் நினைவோடு ஒட்டிக்கொண்ட உணவுக்கு மனத்தில் ஒரு தனி இடம் உண்டு. வன்னியில் இஃது இன்னும் ஆழமாகப் பதிந்திருக்கிறது. 2008 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2009 இன் தொடக்க மாதங்களிலும் இம்மண்ணின் மக்கள் ஊர் ஊராய் இடம்பெயர்ந்து, ஈற்றில் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களை அடைந்தனர். அங்கே கொடுக்கப்பட்ட உலர் உணவிலே அரிசியும் பருப்பும் இருந்தன. கோதுமை மாவும் இருந்தது. 2012 செப்டெம்பரில் அம்முகாம் மூடப்பட்டபோது, அங்கே குழந்தைகளாய் இருந்தோர் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கற்றுக்கொண்டிருந்தனர். அவர்களின் அன்னையர் சிலர் இன்றும் வீட்டிலே ஒரு றாத்தல் பாண் மேலதிகமாக இருந்தாலன்றி உறங்கச் செல்லார். இதனைப் பெருந்தீனி என்று பழிப்பவன் பசியை அறியாதவன்.

பட்டினி மனத்தில் என்ன செய்யும் என்பதை விஞ்ஞானிகள் நேரே ஆராய்ந்ததும் உண்டு. 1944 ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்திலே அன்சல் கீஸ் என்பவர், போரிற் படைக்கலம் ஏந்த மறுத்த இளைஞர் 36 பேரைத் தொண்டர்களாகக் கொண்டு ஒரு சோதனையை ஆரம்பித்தார். ஆறு மாத காலம் அவர்களுக்கு வழக்கமான உணவிற் பாதியளவே வழங்கப்பட்டது. உடல் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்தது. அதனினும் வியப்பு அவர்களின் மனமாற்றம். உணவைத் தவிர வேறெதையும் அவர்களால் எண்ண இயலவில்லை. சிலர் சமையல் நூல்களைக் கதைப் புத்தகம்போல வாசித்தனர், தட்டை நக்கினர். சோதனை முடிந்து வேண்டியமட்டும் உணவு கிடைத்தபின்னும், பல மாதங்கள் சிலருக்கு எவ்வளவு உண்டும் நிறைவு தோன்றவில்லை. அவர்கள் நல்ல உடற்கட்டும் நல்லொழுக்கமும் உள்ள இளைஞர்கள். உணவைக் குறைத்த மாத்திரத்தில் உணவே அவர்களுக்குத் தெய்வமாகிவிட்டது. ஒன்றை அடியோடு விலக்குவேன் என்று சூளுரைப்போர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும். 2005 ஆம் ஆண்டிலே கனடாவின் ரொறன்ரோவில் ஜனெற் பொலிவி என்பவரும் அவருடைய உடனாய்வாளரும் சிலருக்கு ஒரு வாரம் சொக்கிலேற்றை விலக்கி வைத்துப் பார்த்தனர். உணவுக் கட்டுப்பாட்டிலே எப்போதும் கருத்தாய் இருப்போரே விலக்கின் பின் அதனை மிகுதியாக விரும்பி மிகுதியாக உண்டனர். "நாளை முதல் பாண் தொடேன்" என்னும் சபதம் பெரும்பாலும் மூன்றாம் நாள் மாலையில் ஒரு முழு றாத்தலில் முடிவதன் இரகசியம் இதுவே போலும்.

இனி உடலின் செயலைப் பார்ப்போம். வெண்பாணின் மாச்சத்து நொய்தானது; காற்றுக் கண்கள் நிறைந்த பஞ்சு போன்ற உடல் அதற்கு. வாயில் இட்டு மென்றவுடனேயே உமிழ்நீரிலுள்ள அமிலேசு என்னும் நொதியம் அதனைச் சீனியாக உடைக்கத் தொடங்குகிறது. கறி எதுவுமின்றி ஒரு துண்டு பாணை நெடுநேரம் மென்று பார்த்தால், மெல்ல இனிப்பதை நீங்களே உணரலாம். குடலிலும் இவ்வேலை விரைந்து முடிவதால், இரத்தத்திலே குளுக்கோசு வேகமாக ஏறுகிறது. அதனை அடக்க இன்சுலின் சுரக்கிறது. சிலரிடத்தே குளுக்கோசு தொடங்கிய மட்டத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. 2021 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, இலண்டன் கிங்ஸ் கல்லூரியினர் முதலானோர் 1,070 பேரிடத்தே நடத்தியது, இதனை நன்கு விளக்குகின்றது. காலை உணவு உண்டு இரண்டு மூன்று மணி நேரத்தின் பின் எவருக்குக் குளுக்கோசு மிகத் தாழ்ந்ததோ, அவருக்கே பசி மிகுந்தது. அடுத்த உணவை அவர் ஏறத்தாழ அரை மணி நேரம் முந்தியே நாடினார்.

இந்த இரண்டு மூன்று மணி நேரக் கணக்கைப் படித்தபோது எனக்குப் பாடசாலை நேரசூசியே நினைவுக்கு வந்தது. காலை ஆறே முக்காலுக்குப் பாணும் சீனி இட்ட பிளேன்ரீயும் அருந்திவிட்டு வரும் பிள்ளைக்கு, ஒன்பதரை மணிக்கு மூன்றாம் பாடவேளை. கணித ஆசிரியர் அவ்வேளையைத்தான் எப்போதும் முறையிடுவார். பிள்ளைகள் மேசையிலே தலை சாய்ப்பர்; இடைவேளை மணியை எதிர்நோக்கிச் சன்னலைப் பார்ப்பர்; மணி அடித்ததும் சிற்றுண்டிச்சாலைக்கு ஓடிப் பணிஸ் வாங்குவர். மாவினால் வந்த பசிக்கு மாவே மருந்தாகிறது. பின்னர் ஒன்றரை மணி வரைக்கும் அதே சக்கரம் மறுபடியும் ஒருமுறை சுழலும். பெரியோர் நிலை இதனிலும் வேறன்று. அவர்தம் இடைவேளை மணி மாலை நான்கு மணிக்கு அடிக்கிறது, அவ்வளவே.

அப்படியானால் பாண் நஞ்சு, சோறு அமுது என்று சொல்லிவிடலாமா? அஃது எளிய தீர்ப்பு, ஆனால் உண்மையன்று. உணவு இரத்தத்திற் சீனியை ஏற்றும் வேகத்தை அளக்கும் முறையொன்றை 1981 ஆம் ஆண்டில் ரொறன்ரோப் பேராசிரியர் டேவிட் ஜென்கின்சு வகுத்தார். குளுக்கோசை 100 எனக் கொண்டால் வெண்பாண் 75 அளவிலும், வெள்ளை அரிசிச் சோறு 73 அளவிலும் நிற்கின்றன. இரண்டுக்கும் இடையில் ஒரு மயிரிழை வேறுபாடுதான். பின் எதனால் சோறு உண்டவன் மாலை வரை தாங்குகிறான்? விடை தட்டிலே இருக்கிறது. சோறு தனியே வருவதில்லை. பருப்பு, மீன்குழம்பு, கீரை, சம்பல், சொதி என்று ஒரு குடும்பத்தையே அழைத்துக்கொண்டு வருகிறது. பாணோ பெரும்பாலும் தனியாகவே, அல்லது சீனித் தேநீரைத் துணைக்கொண்டே வந்துவிடுகிறது. உண்டதன் பின் எவ்வளவு நேரம் வயிறு நிறைந்திருக்கிறது என்பதை 1995 ஆம் ஆண்டிலே சிட்னிப் பல்கலைக்கழகத்தில் சூசானா ஹோல்ட் என்பவர் 38 உணவுகளைக் கொண்டு அளந்தார். ஒவ்வொன்றும் சமமான சக்தியைத் தரும் அளவில், ஏறத்தாழ 240 கலோரியாகக் கொடுக்கப்பட்டது. வெண்பாணையே அளவுகோலாக வைத்து அதற்கு 100 புள்ளி இட்டார். முட்டை 150 பெற்றது, மீன் 225, அவித்த உருளைக்கிழங்கு 323 பெற்று முதலிடத்தில் நின்றது. வெண்ணெய் மிகுந்த குரோசன் என்னும் மாப்பண்டம் 47 உடன் கடைசியில் நின்றது. நமது பேக்கரிக் கண்ணாடிப் பெட்டியில் மினுங்கும் இனிப்புப் பணிஸ்களை அந்தச் சிட்னிக்காரர் அளக்கவில்லை. அளந்திருந்தால் அவை எந்தப் பக்கத்தில் நின்றிருக்கும் என்பதை நேயர்களே ஊகிக்கலாம்.

அளவையும் நினைவில் வைத்தல் நன்று. நாம் றாத்தல் என்று வழங்கும் பாண் 450 கிராம் நிறையுடையதாய் இருத்தல் வேண்டும் என 2024 பெப்ரவரியில் அரசாங்கம் வர்த்தமானியில் அறிவித்தது. அத்தகைய ஒரு பாணில் ஏறத்தாழ 220 கிராம் மாச்சத்தும், ஆயிரத்து நூற்றுக்கு மேற்பட்ட கலோரியும் உண்டு. அரை றாத்தலை ஒருவரே பருப்புக் கறியுடன் உண்டு எழுவது நம் வீடுகளில் அரிதன்று. வயலிலே மண்வெட்டி பிடிப்பவருக்கு அது செரிக்கும். மேசையருகே அமர்ந்து மாற்றறிக்கை எழுதும் என் போன்றோருக்கு அது மிகை. இலங்கையில் வயது வந்தோருள் ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு காணப்படும் இந்நாளில், இவ்வேறுபாட்டைப் பேசாமல் இருக்க முடியாது.

அடுத்தது வாசனை. போறணையிலிருந்து பாண் இறங்கும்போது எழும் மணத்துக்கு ஈடு சொல்வது கடினம். மாவிலுள்ள புரதமும் சீனியும் வெப்பத்திலே கூடிப் பொன்னிறமாக மாறும் இந்த வினையை 1912 ஆம் ஆண்டில் லூயி கமீல் மையார் என்னும் பிரெஞ்சு இரசாயனவியலாளர் விளக்கினார். அதிலே பிறக்கும் மணப்பொருள்கள் பல. அவற்றுள் முதன்மையான ஒன்றுக்கு அசற்றைல் பிரோலின் என்று பெயர். நேயர்களே, இங்கேதான் ஒரு சுவையான செய்தி இருக்கிறது. பாணின் மேல்தோட்டுக்கு மணம் கொடுக்கும் அதே பொருள்தான் பாசுமதி போன்ற வாசனை அரிசிக்கும் மணம் கொடுக்கிறது. நம் வீட்டுக் கிணற்றடியில் வளரும் ரம்பை இலையிலும் அதுவே இருக்கிறது! சோறு வடிக்கும்போது இரண்டு துண்டு ரம்பை இட்ட நம் பாட்டிமார் இரசாயனம் கற்றவரல்லர். ஆயினும் பேக்கரிக்காரன் எதனைக் கொண்டு நம்மை அழைக்கிறானோ, அதனைக் கொண்டே அவர்கள் நம்மை உலைப்பானையடிக்கு அழைத்தார்கள்.

மணத்துடன் இசையும் சேர்ந்துகொண்டது இக்காலத்துப் புதுமை. பாண் விற்கும் முச்சக்கர வண்டிகள் பலவற்றில் நாடெங்கும் ஒலித்துவந்த மெட்டு, ஜெர்மானிய இசைமேதை பேதோவன் 1810 ஆம் ஆண்டில் எலிஸ் என்னும் பெண் பெயரில் இயற்றிய பியானோ இசை. அவர் இறந்து நாற்பது ஆண்டுகள் கழித்து, 1867 இலேதான் அது அச்சேறியது. தம் இசை உருத்திரபுரத்து ஒழுங்கைகளில் பாணின் வருகையை அறிவிக்கும் என்று அவர் கனவிலும் கருதியிரார். இசைக்கும் உமிழ்நீருக்கும் உள்ள உறவையோ இரசிய விஞ்ஞானி இவான் பவ்லோவ் நமக்குக் காட்டியிருக்கிறார். செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904 இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். உணவு வருமுன் ஓர் ஒலியை மறுபடி மறுபடி எழுப்பினால், பின்னர் அவ்வொலியை மட்டும் கேட்டே நாய்களின் வாயில் நீர் ஊறியது. ஆதலின் வண்டியின் இசை கேட்டவுடன் பசி எழுந்தால், அஃது உண்மையான பசியா, பழகிய செவியின் பசியா என்று ஒரு கணம் கேட்டுக்கொள்வதில் இழுக்கில்லை. பாணிலே அபினைப் போன்ற மயக்குப் பொருள் இருக்கிறதென்று சிலர் அச்சுறுத்துவர். கோதுமைப் புரதம் உடையும்போது அத்தகைய சிறு கூறுகள் சோதனைக் குழாயில் தோன்றுவது மெய். அவை மனிதரை அடிமையாக்கும் என்பது நிறுவப்படவில்லை. நம்மைக் கட்டிப்போடுவதற்கு மணமும் மணியும் வெறும் வயிறும் போதும்.

ஆகவே, செய்யத்தக்கது யாது? எல்லாவற்றுக்கும் முன்னதாகக் காலை வேளையை நிரப்புதல். இதைச் சொல்லும்போது அன்னையர்மீது பழி சுமத்த நான் விரும்பவில்லை. அரிசி ஊறவைத்து இடித்து, மா வறுத்து, இடியப்பம் பிழிந்து, சொதி வைப்பதற்கு எவ்வளவு நேரம் செல்லும் என்பதை நாம் அறிவோம். ஆடைத் தொழிற்சாலையின் பேருந்து விடியற்பொழுதிலே சந்திக்கு வந்துவிடுகிறது. அதில் ஏறவேண்டிய தாய்க்கு ஒரு றாத்தல் பாண் ஒரு மணி நேர உறக்கத்தைக் கொடுக்கிறது. அதனைப் பறிக்கும் உபதேசம் நிற்காது. நிற்கக்கூடியது வேறு. இரவு வடித்த சிவப்பரிசிச் சோற்றில் நீரூற்றி வைத்தால் காலையில் அடுப்பு மூட்டத் தேவையில்லை. வெங்காயமும் பச்சைமிளகாயும் சிறிது தயிரும் போதும். முதல்நாள் இரவே ஊறிய பயறோ கௌபியோ ஒரு கொதியில் அவிந்துவிடும். தேங்காய்ப்பூவும் உப்பும் தூவினால் பிள்ளைகள் மறுக்கார். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற பழைய நெல்லினங்களின் தவிடு நீக்காத அரிசியிற் காய்ச்சிய கஞ்சிக்கு ஓர் இலையைக் கிள்ளிப் போட்டால் இலைக்கஞ்சி. குரக்கனைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. தானியத்தின் பெயரைக் கேட்டே அதனை மருந்தென்று கொள்ளாதீர்கள். எந்தத் தானியமும் பட்டுப்போல் அரைபட்டால் விரைந்தே செரிக்கும். குரக்கன் பாண் என்று விற்கப்படுவதிலும் குரக்கன் எவ்வளவு, கோதுமை மா எவ்வளவு, நிறத்துக்கு இட்டது எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

அதன்பின் நான்கு மணி. வண்டி வருமுன்னர் வயிற்றுக்கு ஏதேனும் கொடுத்துவிடுவதே இதில் உள்ள சூட்சுமம் முழுவதும். ஒரு பிடி அவித்த கச்சானும் சீனியில்லாத் தேநீரும் மூன்றரை மணிக்கு உள்ளே சென்றிருந்தால், பேதோவன் வந்து சேரும்போது படலைக்கும் நமக்கும் இடையிலுள்ள தூரம் சற்றே கூடிவிடுகிறது. வைத்தியரின் அறிவுரைக்குப் பின் நான் கைக்கொண்ட ஒழுங்கு இதுதான். ஆசை அடியோடு போய்விட்டது என்று சொல்லேன். வருகிறது, வந்து சிறிது நேரம் நின்றுவிட்டுப் போகிறது.

பாண் உண்ணும் நாளில் மனநிறைவோடு உண்ணுதல் வேண்டும். ஒளித்துத் தின்னும் பாணுக்கு அளவில்லை. எத்தனை துண்டு என்பதை வெட்டுமுன்னரே முடிவுசெய்து, மீதியைச் சுற்றி எடுத்து வைத்துவிடுங்கள். கறியை முதலில் உண்டு பாணைப் பின்னர் உண்பதிலும் ஒரு நன்மை உண்டு. 2015 ஆம் ஆண்டில் நியூயோர்க்கிலே நீரிழிவு நோயாளர் 11 பேர் ஒரே உணவை இரு முறையில் உண்டனர். இறைச்சியையும் மரக்கறியையும் முதலில் உண்டு பாணை ஈற்றில் உண்ட நாளில், ஒரு மணி நேரத்தின் பின் அவர்தம் இரத்தச் சீனி மற்ற நாளினும் மூன்றிலொரு பங்குக்கு மேல் தாழ்ந்திருந்தது. சிறிய ஆய்வுதான், ஆயினும் செலவில்லாத பரிகாரம். பருப்பைக் கிண்ணத்தில் இட்டு முதலில் இரண்டு கரண்டி உண்பதற்கு எவரிடமும் அனுமதி பெறவேண்டியதில்லை. சீனித் தேநீரில் தோய்த்து உண்ணும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடலாம். பல்லுக்கு வேலை கொடாமல் வயிற்றை ஏமாற்றும் வழி அது. இன்சுலின் ஏற்றுவோரும் குளிசை எடுப்போரும் வேளையுணவைத் தாமாகத் தவிர்த்தலோ திடீரெனக் குறைத்தலோ கூடாது. சீனி ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். கிளினிக்கில் வைத்தியரிடம் கேட்டுச் செய்க.

எங்கள் பாடசாலையிலே பணிஸைத் தடைசெய்யும்படி ஆசிரியர் சிலர் கோரினர். நான் இணங்கவில்லை. தடைசெய்தால் மதிலுக்கு வெளியே விற்பனை நடக்கும். மதில் ஏறுவோர் தொகையும் கூடும். பெற்றாரைக் கூட்டி, மூன்றாம் பாடவேளையின் கதையைச் சொன்னோம். சிற்றுண்டிச்சாலை நடத்தும் அம்மையாரிடம் கடலையும் கௌபியும் அவித்துப் பணிஸுக்கு முன்வரிசையில், பணிஸிலும் மலிவாக வைக்கும்படி கேட்டோம். முதல் வாரத்திற் பாதிக்குமேல் மிஞ்சிற்று. அம்மையார் அதற்குச் செத்தல் மிளகாயும் கருவேப்பிலையும் தாளித்த பிறகு மிஞ்சவில்லை. பணிஸும் விற்கிறது, முன்போல் அத்தனை விற்பதில்லை.

எங்கள் ஒழுங்கைக்கு வரும் பாண் வண்டிக்காரத் தம்பியிடமும் ஒருநாள் பேசினேன். 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியிலே மா விலையும் எரிபொருள் விலையும் பன்மடங்கு ஏறியபோது, வண்டியை விற்றுவிடும் நிலைக்கு வந்து மீண்டவர் அவர். "நீங்கள் எல்லாரும் பாணை விட்டால் என் பிள்ளைகள் என்ன செய்வது சேர்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. அவித்த கடலையையும் சேர்த்துக் கொண்டுவரலாமே என்றேன். வாங்குவதற்கு ஆள் வேண்டுமே என்றார். ஒழுங்கையில் எட்டு வீட்டார் வாங்குவதாகச் சொன்னோம். இப்போது செவ்வாயிலும் வெள்ளியிலும் அவருடைய கண்ணாடிப் பெட்டியின் கீழ்த்தட்டிலே ஒரு மூடிய சட்டி இருக்கிறது. எங்கள் படலைக்கு வந்து சேருமுன் அது தீர்ந்துவிடுகிறது என்பதே இப்போதைய முறைப்பாடு; இன்னும் ஒரு கிலோ கூட்டி ஊறவைக்கும்படி சொல்லியிருக்கின்றோம்.